மனித வரலாறு சொல்லும் நான்கு புத்தகங்கள்: எதை, எவ்வளவு நம்பலாம்?

மனித குலத்தின் முழுக் கதையையும் ஒரே புத்தகத்தில் படித்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர் யாரைக் கேட்டாலும் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் நான்குதான். யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’, ஜாரெட் டயமண்டின் ‘கன்ஸ், ஜெர்ம்ஸ் அண்ட் ஸ்டீல்’, டேவிட் கிரேபரும் டேவிட் வெங்ரோவும் சேர்ந்து எழுதிய ‘தி டான் ஆஃப் எவ்ரிதிங்’, டோனி ஜோசஃபின் ‘ஆதி இந்தியர்கள்’. நான்குமே நன்றாக விற்றவை, நான்குமே கையில் எடுத்தால் கீழே வைக்க விடாதவை. “அதெல்லாம் சரி, சொல்றது நிஜமா?” என்று நண்பர்கள் கேட்கும்போதுதான் சிக்கல். “நல்ல புத்தகம், படிங்க” என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் கேட்டது அதுவல்லவே.

எழுதியவர்களின் தகுதியைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று தோன்றும். ஹராரி போர் வரலாற்றை ஆராய்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கிய வரலாற்றாசிரியர். டயமண்ட் உடலியங்கியல்காரர்; பித்தப்பையைப் பற்றி ஆராய்ந்தவர், பிறகு நியூ கினியில் பறவைகளைத் தேடிப் போனவர். கிரேபர் மானுடவியலாளர், வெங்ரோ தொல்லியலாளர். ஜோசஃப் பத்திரிகையாளர். தகுதிப்படி பார்த்தால் தொல்லியலாளர் எழுதியதுதான் முதலில் வர வேண்டும், பத்திரிகையாளர் எழுதியது கடைசியில். என்னுடைய வரிசை அப்படி அமையவில்லை. காரணம், புத்தகம் எழுதியவர் யார் என்பதைவிட, அவர் சொல்வது தவறாக இருந்தால் அதை எந்த இடத்தில் பிடிக்கலாம் என்று காட்டியிருக்கிறாரா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு ஹராரி, டயமண்ட், கிரேபர்–வெங்ரோ என்ற மூன்று தரப்பிடமும் கேட்டுப் பார்ப்போம். விவசாயம் மனிதனுக்கு நல்லதா, கெட்டதா?

ஹராரிக்குச் சந்தேகமே இல்லை. வரலாற்றின் மாபெரும் மோசடி என்று அந்த அத்தியாயத்துக்கே பெயர் வைத்துவிட்டார். மனிதன் கோதுமையைப் பழக்கவில்லை, கோதுமைதான் மனிதனைப் பழக்கியது என்கிறார். படித்தவுடன் புத்தி ஒரு கணம் கிறுகிறுக்கும். அந்த அத்தியாயத்தின் வெற்றியே அதுதான். ஆனால் இது புதிய கருத்தல்ல. 1987-லேயே டயமண்ட் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், மனித இனம் செய்த மிக மோசமான தவறு விவசாயம் என்று எழுதிவிட்டார். இரண்டு பிரபலமான ஆட்கள் ஒரே விஷயத்தைச் சொல்வதைப் பார்க்கிற வாசகர், இரண்டு தனித்தனி சாட்சிகள் கிடைத்துவிட்டதாக நினைப்பார். உண்மையில் ஹராரி டயமண்டின் வழியில் வந்தவர்.

அந்த 1987 கட்டுரையின் ஆதாரங்களைப் பாருங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் மவுண்ட்ஸ் என்ற புதைமேடுகள் இருக்கின்றன. அங்கே மக்காச்சோளத்துக்கு முன்னால் வாழ்ந்தவர்களின் எலும்புகளையும், அதைத் தீவிரமாகப் பயிரிட்டவர்களின் எலும்புகளையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். விவசாயிகளிடம் பல் எனாமல் குறைகள் ஏறத்தாழ 50 சதவீதம் கூடியிருந்தன, இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை நான்கு மடங்காகியிருந்தது. நல்ல ஆதாரம்தான். எந்தக் காலத்தினுடையது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே அந்த மாற்றம் நடந்தது கி.பி. 1150 வாக்கில். கோதுமை பழக்கப்பட்ட மேற்கு ஆசியக் கதைக்கும் இதற்கும் நடுவே பல ஆயிரம் ஆண்டுகளும் ஒரு பெருங்கடலும் இருக்கின்றன. அதை வைத்து “விவசாயம் உடம்பைக் கெடுத்தது” என்று சொல்லலாம், சில இடங்களில். “விவசாயம் மனிதனைப் பொறியில் சிக்கவைத்தது” என்று மொத்த உலகத்துக்கும் சொல்ல அது போதாது.

பொறி என்ற அந்த இடத்தில்தான் கிரேபர்–வெங்ரோ கை வைக்கிறார்கள். காட்டுக் கோதுமையை அரிவாளால் அறுத்து, அதிலிருந்து விதை எடுத்துத் திரும்ப விதைத்துக்கொண்டே வந்தால், இருபது முப்பது ஆண்டுகளில், அதிகம் போனால் இருநூறு ஆண்டுகளில் அது முழுமையாகப் பழக்கப்பட்ட பயிராகிவிடும் என்று சோதனைகளின் அடிப்படையில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் மண்ணுக்குள் கிடைத்த தானியங்களைப் பார்த்தால், உண்மையில் அது முடிய சுமார் 3,000 ஆண்டுகள் பிடித்திருக்கிறது. பொறி என்றால் இவ்வளவு நேரமா? வெள்ளம் வடிந்த சேற்றில் கொஞ்சம் விதைப்பது, வேட்டைக்குப் போவது, வேண்டாமென்றால் விட்டுவிடுவது என்று மக்கள் விளையாட்டுப் போலவே பல தலைமுறைகள் இருந்திருக்கிறார்கள் என்பது இவர்கள் வாதம். இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவரை, என் கணக்கில் ஹராரி தோற்றார். கோதுமை தொடர்பான ஆதாரத்தை வைத்தே கோதுமையைப் பற்றிப் பேசியவர்கள் இவர்கள்தான்.

அதற்காக ‘தி டான் ஆஃப் எவ்ரிதிங்’ முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. 2021-ல் வந்த அந்தப் புத்தகத்தின் பின்குறிப்புகளே ஒரு தனி நூலளவுக்கு நீளும், அது பெரிய பலம். ஆனால் அவர்களுக்கும் ஓர் ஆசை இருக்கிறது: மனிதர்கள் அரசன் இல்லாமலும் பெரிய நகரங்களில் வாழ்ந்தார்கள் என்று நிறுவ வேண்டும். உக்ரைனில் தோண்டியெடுத்த, 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய பிரம்மாண்டக் குடியிருப்புகளில் அரண்மனை இல்லை, பெரிய கோயில் இல்லை. சரி. அரண்மனை கிடைக்கவில்லை என்பதிலிருந்து அதிகாரமே இல்லை என்பதற்கு அவர்கள் தாவும் வேகம் என்னை உறுத்துகிறது. இன்னொரு இடம், வட அமெரிக்காவின் வெண்டாட் என்ற பழங்குடி மக்களின் தலைவர் கண்டியாரோங்க். ஐரோப்பாவுக்குச் சுதந்திரம் பற்றிய சிந்தனையைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் என்று அவரை முன்னிறுத்துகிறார்கள். அதற்கு ஆதாரம், லஹோண்டான் என்ற பிரெஞ்சுக்காரர் 1703-ல் வெளியிட்ட உரையாடல்கள். அதில் பேசும் ‘அடாரியோ’ உண்மையான கண்டியாரோங்கா, லஹோண்டானே எழுதிக்கொடுத்த வசனமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. புத்தகம் அந்தச் சண்டையில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் எந்தப் படியில் தாவினார்கள் என்று வாசகரால் பார்க்க முடிகிறது. ஹராரியிடம் அது முடியாது; அவர் ஓட்டத்தில் படிகளே தெரிவதில்லை.

ஹராரியின் புகழ்பெற்ற இன்னொரு கூற்று: சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் மனித மூளையில் ஓர் அறிவுப் புரட்சி நடந்தது, அதற்குப் பிறகே கற்பனையும் கதையும் மதமும் வந்தன. இதற்கு எதிரான வாதம் அவர் புத்தகம் எழுதுவதற்கு முன்பே வந்துவிட்டது. 2000-ல் சாலி மெக்பிரியர்ட்டியும் அலிசன் புரூக்ஸும், அப்படியொரு புரட்சி நடக்கவே இல்லை, ஆப்பிரிக்காவில் இந்தத் திறன்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தவை என்று நீண்ட கட்டுரை எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் ஒரு சிப்பி ஓடு கிடைத்திருக்கிறது. அதற்குள் செங்காவிப் பொடி, எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு, கரி எல்லாம் கலந்து சாயம் குழைத்த தடம் இருக்கிறது. வயது சுமார் 1 லட்சம் ஆண்டு. புரட்சிக்கு 30,000 ஆண்டுகள் முன்பே யாரோ சாயம் அரைத்துச் சேமித்து வைத்திருக்கிறார்கள். 2017-ல் மொராக்கோவின் ஜெபெல் இர்ஹூட் எலும்புகள் சுமார் 3 லட்சம் ஆண்டு என்று தெரிந்தபோது, ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தின் தொடக்கத்துக்கு ஹராரி கொடுத்திருந்த 2 லட்சமும் பழையதாகிப்போனது. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது, பின்னால் வந்த கண்டுபிடிப்பு அது. அறிவுப் புரட்சிக் கூற்றுக்குச் சொல்லலாம்.

அப்புறம் அந்த 150. வம்பளப்பால் மட்டும் கட்டிப்போடக்கூடிய கூட்டத்தின் இயற்கையான உச்ச அளவு 150 பேர் என்று அவர் சொல்வது, இன்றைக்கு மேலாண்மைப் பயிற்சி வகுப்புகள் வரை போய்விட்டது. குரங்கினங்களின் மூளை அளவிலிருந்து ராபின் டன்பார் கணக்கிட்ட எண் அது. 2021-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் புதிய புள்ளியியல் முறைகளில் அதே கணக்கைத் திரும்பப் போட்டார்கள். ஒரு முறையில் உண்மையான எண் 4-க்கும் 520-க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம் என்று வந்தது. இன்னொன்றில் 2-க்கும் 336-க்கும் நடுவே. அதாவது எண்ணே இல்லை என்று அர்த்தம்.

டயமண்டின் கதை வேறு மாதிரி. ‘கன்ஸ், ஜெர்ம்ஸ் அண்ட் ஸ்டீல்’ 1997-ல் வந்து, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. ஐரோப்பியர்கள் புத்திசாலிகள் என்பதால் ஜெயிக்கவில்லை; பழக்கத் தோதான பயிர்களும் விலங்குகளும் அவர்கள் இருந்த கண்டத்தில் அதிகம், அவ்வளவுதான் என்பது அதன் அடிப்படை. இனவாதத்துக்கு நல்ல அடி. அந்த எண்ணத்துக்காகவே பலரும் அதை நம்பினார்கள். அதில் ஓர் அட்டவணை இருக்கிறது, கால்நடைகள் மனிதனுக்குக் கொடுத்த நோய்களைப் பட்டியலிடுவது. நம்பகத்தன்மையை எடைபோட அதைவிட நல்ல பக்கம் கிடைக்காது.

அம்மை நோய்களில் தட்டம்மை, ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோயின் கிருமியிலிருந்து வந்தது என்கிறது அட்டவணை. அது இன்றும் நிற்கிறது. பெர்லினில் 1912-லிருந்து பாதுகாக்கப்பட்ட ஒரு நுரையீரலிலிருந்து எடுத்த தட்டம்மைக் கிருமியை 2020-ல் ஆராய்ந்து, மாட்டுக் கிருமியிலிருந்து அது பிரிந்தது கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கலாம் என்றார்கள். காசநோயும் மாட்டிலிருந்து வந்தது என்கிறது அடுத்த வரி. 2002-ல் மரபணுவைப் பார்த்ததும் அது சரிந்தது. மாட்டுக் காசநோய்க் கிருமி, பல துண்டுகளை இழந்து பின்னால் பிரிந்த கிளை. மனிதனுடையது அதிலிருந்து வந்திருக்க முடியாது. பெரியம்மைக்கும் மாட்டைத்தான் முதலில் காட்டுகிறார். அதன் நெருங்கிய சொந்தங்கள் ஒட்டகத்திலும் ஓர் ஆப்பிரிக்க எலியினத்திலும் இருக்கும் கிருமிகள் என்று இப்போது தெரியும். மலேரியாவிலேயே மிகக் கொடிய வகையான ஃபால்சிபாரம் மலேரியாவைப் பறவைக் கணக்கில் எழுதியிருக்கிறார். 2010-ல் ஆப்பிரிக்கக் காட்டில் வாலில்லாக் குரங்குகளின் சாணத்தை ஆயிரக்கணக்கில் சேகரித்துப் பார்த்ததில், கொரில்லாவிலிருந்து வந்தது என்று முடிவானது.

நான்கு வரியில் ஒன்றுதான் தேறியது. அதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய உலகத்து நோய்கள் அமெரிக்கக் கண்டங்களின் மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன என்ற பெரிய உண்மை ஆடவில்லை. அந்த நோய்கள் எந்தத் தொழுவத்திலிருந்து வந்தன என்ற விளக்கம்தான் ஆடிவிட்டது. 1997-ன் அறிவியல் 1997-ல் சரியாகவே சொல்லப்பட்டது. ஆனால் இன்றைக்குக் கடையில் புதுப்பளபளப்போடு இருக்கும் பிரதியை வாங்குகிறவருக்கு, உள்ளே இருப்பது முப்பது ஆண்டுப் பழைய சரக்கு என்று அட்டை சொல்வதில்லை.

டயமண்டிடம் எனக்கு உண்மையான வருத்தம் வேறு புத்தகத்தில், 2005-ல் வந்த ‘கொலாப்ஸ்’-ல். பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவு மக்கள் மரங்களை எல்லாம் வெட்டி, பட்டினியில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, தாங்களே அழிந்தார்கள் என்ற கதை பள்ளிப் பாடம்வரை போனது அதன் வழியாகத்தான். தீவில் 15,000 பேர், அதற்கு மேலும்கூட இருந்திருக்கலாம் என்பது அவருடைய கணிப்பு. 2024-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தீவில் மண்ணின் மேல் கற்களைப் பரப்பிப் பயிர் செய்த கல்தோட்டங்களை அளந்தார்கள். மொத்தம் 0.76 சதுர கிலோமீட்டர்தான் தேறியது; அதில் சுமார் 3,000 பேர் சாப்பிடலாம். அதே ஆண்டு, தீவில் வாழ்ந்த 15 பேரின் பழைய டிஎன்ஏவை ஆராய்ந்தார்கள். 1600-களில் மக்கள்தொகை சரிந்ததற்கான தடயமே இல்லை, 1860-கள் வரை அது மெல்ல ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பனைக்காடு அழிந்தது உண்மை. ஆட்கள் அழிந்தது 1862-ல் பெரு நாட்டு அடிமைக் கப்பல்கள் வந்த பிறகு. சுமார் 1,500 பேரைப் பிடித்துப் போனார்கள், திரும்பி வந்த சிலரோடு பெரியம்மை வந்தது, 1877-ல் மிஞ்சியவர்கள் 111 பேர். அடிமை வியாபாரத்தையும் டயமண்ட் குறிப்பிடுகிறார்தான். ஆனால் அவர் கதையின் மையம் அதுவல்ல. பழி தீவுக்காரர்களின் தலையில் ஏறிவிட்டது.

இனி நம் பக்கம். ‘ஆதி இந்தியர்கள்’ 2018 டிசம்பரில் ஆங்கிலத்தில் வந்தது. பிறகு தமிழிலும் வந்துவிட்டது. உலகம் முழுக்க ஓடாமல், இந்தியத் துணைக்கண்டத்துக்கு யார் யார் எப்போது வந்தார்கள் என்ற ஒரே கேள்வியில் நிற்கிறது. பத்திரிகையாளர் என்பதே ஜோசஃபுக்கு உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன். தனக்கென்று நிறுவ ஒரு கோட்பாடு இல்லை, ஆகவே யார் என்ன சொன்னார்கள், எந்த ஆய்வில் என்று கேட்டு எழுதுகிறார். ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் 74,000 ஆண்டுகளுக்கு முன் இந்தோனேசியாவின் டோபா எரிமலை வெடித்துப் படிந்த சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கல்கருவிகள் கிடைத்தன. கீழே இருப்பவற்றைச் செய்தது நம் இனமா, வேறு மனித இனமா என்பதில் ஆய்வாளர்களிடையே இரு தரப்பு. ஜோசஃப் இரண்டையும் வைத்துவிட்டு மரபணுக் கணக்குப்படி சுமார் 65,000 ஆண்டுகள் என்ற பக்கம் போகிறார். ஏன் போகிறார் என்பது வாசகருக்குத் தெரிகிறது.

தவறே இல்லையா என்றால், இருக்கிறது. ஈரானின் ஜாக்ரோஸ் பகுதியிலிருந்து விவசாயிகள் கி.மு. 7000-க்கும் 3000-க்கும் இடையே வந்து கலந்ததால் சிந்துவெளி மக்கள் உருவானார்கள் என்று எழுதினார். 2018 மார்ச்சில் முன்வெளியீடாக வந்த பெரிய மரபணு ஆய்வு ஏறத்தாழ அப்படித்தான் சொல்லியிருந்தது. 2019 செப்டம்பரில், ஹரியானாவிலுள்ள சிந்துவெளி நகரமான ராகிகடியின் எலும்புகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒரே ஒரு பெண்ணின் எலும்பில்தான் பயன்படும் அளவுக்கு டிஎன்ஏ கிடைத்தது. அவரிடம் இருந்த ஈரானியச் சாயல், ஈரானில் விவசாயம் தொடங்குவதற்கு முன்பே பிரிந்துவிட்ட கிளையைச் சேர்ந்தது. ஆக, விவசாயிகள் கூட்டமாக வந்தார்கள் என்ற பகுதி ஒன்பதே மாதத்தில் திருத்த வேண்டியதாகிவிட்டது. ஆனால் அதே பெண்ணிடம், மத்திய ஆசியா வழியாகப் பின்னால் வந்த ஸ்டெப்பிப் புல்வெளி மக்களின் மரபணு துளியும் இல்லை. அந்தக் கலப்பு சிந்துவெளி நகரங்கள் தேய்ந்த பிறகே நடந்தது என்ற மையக் கூற்றை அதே மாதம் வெளிவந்த இன்னோர் ஆய்வும் உறுதி செய்தது. ஒரு வெகுஜனப் புத்தகத்தின் எந்த வரி விழுந்தது, எந்த வரி நின்றது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதே அதன் தரத்துக்குச் சான்று. ‘சேப்பியன்ஸ்’ பற்றி இப்படிச் சொல்லப் பார்த்தால் பாதி வரிகளுக்கு விழவும் வழியில்லை, நிற்கவும் வழியில்லை.

தமிழ் வாசகர்கள் இந்தப் புத்தகத்தில் உஷாராக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிந்துவெளி மக்கள் பேசியது ஒரு திராவிட மொழி என்ற பகுதி. எனக்கும் அப்படி இருந்தால் சந்தோஷம்தான். அஸ்கோ பார்ப்போலாவும் ஐராவதம் மகாதேவனும் அந்த வாதத்துக்கு வாழ்நாளையே கொடுத்தவர்கள். இருந்தாலும் எலும்பிலிருக்கும் டிஎன்ஏ அந்த ஆள் என்ன மொழி பேசினார் என்று சொல்லாது. எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. சராசரியாக ஒரு முத்திரையில் ஐந்து குறிகள்தான், இருமொழிக் கல்வெட்டும் கிடைக்கவில்லை. படித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதல்வர் அறிவித்ததே, கேள்வி இன்னும் திறந்திருக்கிறது என்பதால்தான். பண்டைய ஈரானின் ஈலமைட் மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் இருப்பதாகச் சொல்லி புத்தகம் துணைக்கு அழைக்கும் உறவையும் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. மரபணு அத்தியாயங்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை அப்படியே மொழி அத்தியாயத்துக்கும் போட்டுவிடக் கூடாது.

ஆய்வுக்கூடத்திலிருந்தே எழுதியவர் வேண்டுமென்றால் டேவிட் ரைக்கின் ‘ஹூ வி ஆர் அண்ட் ஹவ் வி காட் ஹியர்’ இருக்கிறது, அதுவும் 2018. இந்தியா பற்றிய அத்தியாயத்துக்காகவே படிக்கலாம். ஹைதராபாத் ஆய்வாளர்கள் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரோடு உட்கார்ந்து, முடிவுகளை எந்தப் பெயரில் சொல்வது என்று பேரம் பேசியதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆந்திர வைசியர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டுகளாக வெளியே மணம் செய்யாததால், அறுவை சிகிச்சையில் கொடுக்கும் தசைதளர்த்தி மருந்து சிலருக்கு ஆபத்தாகிறது என்ற செய்தி அதில் வருகிறது. சாதியின் வயது பற்றி இதைவிடக் கறாரான ஆதாரம் நான் படித்ததில்லை. இனம் பற்றி அவர் எழுதிய பகுதிகளுக்கு அதே ஆண்டு 67 அறிஞர்கள் கூட்டாகக் கண்டனம் எழுதினார்கள். தன் துறையைத் தாண்டிச் சமூகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஆய்வக ஆளும் சறுக்குவார்.

எதை வாங்குவது? ஒன்றுதான் என்றால் ‘ஆதி இந்தியர்கள்’. இரண்டு என்றால் கூடவே ‘தி டான் ஆஃப் எவ்ரிதிங்’, பின்குறிப்புகளைப் புரட்டும் பொறுமை உள்ளவருக்கு. டயமண்டை நூலகத்தில் எடுத்துப் படித்தால் போதும். அவர் எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது, பதில்களுக்குத்தான் வயதாகிவிட்டது. ‘சேப்பியன்ஸ்’ பத்தாம் வகுப்புப் பையன் கையில் கொடுக்க நல்ல புத்தகம், வரலாறு என்றாலே கொட்டாவி விடுகிறவனை அது நிமிர்ந்து உட்கார வைக்கும். பரீட்சையிலோ பட்டிமன்றத்திலோ அதை மேற்கோள் காட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி. ‘ஆதி இந்தியர்கள்’ வாங்குகிறவர்கள் சிந்துவெளி அத்தியாயத்துக்குப் போகும் முன் ராகிகடி ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு பத்திதான், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.